ஏசியில் வரும் தலைவலி: கோத்தகிரி மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் தலைவலி பற்றியவைதான் அதிகம். விடுமுறைக்கு மலைக்கு வந்த பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் கீழே திரும்பியிருக்கிற நேரம், அதனாலும் இருக்கலாம். பலரும் ஏசியைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடிதத்தில் மட்டும் ஏசியே இல்லை. ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான்.

கேள்வி: என் மகன் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். காலையில் நன்றாகத்தான் போகிறான். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பிடரியில் ஆரம்பித்து நெற்றிவரை வலிக்கிறதாம். ஏசிதான் காரணம் என்கிறான். டிசம்பரில் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் அவன். 22 டிகிரி ஏசி அவனை என்ன செய்துவிடும்? வேலை பிடிக்காமல் சாக்குச் சொல்கிறானோ என்று அவன் அப்பா சந்தேகப்படுகிறார்.
— வாசகி, காந்தல், ஊட்டி

பதில்: சாக்கு இல்லை அம்மா. இதை முதலில் அவன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு வருவது நிஜமான வலி. ஆனால் அதற்கு வெறும் குளிர் காரணம் இல்லை. அப்படியிருந்தால் காந்தலில் பாதிப் பேர் மார்கழி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் குளிர் உடம்பு முழுவதையும் ஒரே மாதிரி தொடுகிறது. நாமும் காதை மூடி, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடமாடிக்கொண்டே இருக்கிறோம். ஆபீஸில் நடப்பது வேறு. கூரையில் பதித்த பெட்டியிலிருந்து வெளிவரும்போது அந்தக் காற்று 12 முதல் 15 டிகிரிதான் இருக்கும். அது ஒரே கோட்டில் இறங்கி, அசையாமல் உட்கார்ந்திருப்பவன் கழுத்தில் மணிக்கணக்காக விழுகிறது. சுவரில் 22 என்று காட்டுவது அறையின் கணக்கு. அவன் கழுத்தின் கணக்கு அது இல்லை.

குளிர்காற்று விடாமல் படும் இடத்தில் தசை இறுகிக்கொள்ளும். மண்டையோட்டின் அடியில் இருக்கும் சின்னத் தசைகள் அப்படி இறுகினால் வலி அங்கேயே நிற்காது. கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரியில் தொடங்கிய வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும். உங்கள் மகன் சொன்ன வழி அப்படியே இதுதான். லேப்டாப்பைக் குனிந்து பார்க்கிற பழக்கமும் இருந்தால் இது இரட்டிப்பாகும்.

நெற்றியில் நேரே குளிர் படுவதால் மட்டும் வரும் தலைவலியும் உண்டு. சர்வதேசத் தலைவலிச் சங்கம் அதைத் தனி வகையாகவே பட்டியலில் வைத்திருக்கிறது. குளிரை விட்டு விலகினால் அது அரை மணி நேரத்துக்குள் போய்விடும். கீழே டீக்கடைக்குப் போய் வந்ததும் வலி விட்டுவிடுகிறதா, அல்லது ராத்திரி வரை நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி வரை நின்றால் தசை இறுகித்தான் வலிக்கிறது என்று நான் நினைப்பேன். ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறித்து, குமட்டலும் வந்து, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போனால் அது ஒற்றைத் தலைவலி. அவனுக்கு அது ஏற்கெனவே இருந்திருக்கும், ஏசி கிளப்பி மட்டும் விட்டிருக்கும். அதற்கு வைத்தியமும் வேறு.

அடுத்தது வறட்சி. ஏசி பிறந்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த இயந்திரம் அது. மனிதர்களின் சுகத்துக்கு அது வந்தது அப்புறம்தான். சென்னையில் 32 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், வெளியே ஒரு கன மீட்டர் காற்றில் 23, 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏசி அறையில் 11 கிராம்தான். மீதி எல்லாம் குழாய் வழியாகச் சொட்டிப் போய்விடுகிறது. ஜனவரியில் நம் ஊரில் உதடு வெடிக்கிறதே, அதுவும் காற்றில் நீராவி குறைவதால்தான். ஆனால் அப்போது நாம் நாள் முழுக்க ஒரு திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறையும். அதோடு வறண்ட காற்றும் சேர்ந்தால் கண் எரியும், கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நெற்றி வலிக்கும். வியர்க்காததால் தாகமும் தெரியாது. காலையில் ஒரு டீ, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் என்று சொல்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

அவனிடம் ஒரு காரியம் சொல்லுங்கள். டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, நாற்காலியில் கழுத்து படும் உயரத்தில் டேப் போட்டு ஒட்டித் தொங்கவிடட்டும். அது சும்மா தொங்கினால் கழுத்துக்குக் காற்று நேரே வரவில்லை. படபடவென்று ஆடினால் வலிக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதைக் கட்டடப் பராமரிப்பு ஆட்களிடம் காட்டினால் போதும். பெட்டியின் தகட்டைத் திருப்பிவிடுவது ஸ்டூல் போட்டு ஏறினால் முடிகிற வேலை. அதுவரை கழுத்தில் ஒரு மெல்லிய துண்டு இருக்கட்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. மேஜைமேல் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது, 24-க்குக் கீழே வைக்க வேண்டாம் என்று பக்கத்து சீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்ப்பது, இவையும் வேண்டும். நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் கரண்ட் சுமார் 6 சதவீதம் மிச்சம். மேனேஜரிடம் தலைவலியைச் சொல்வதைவிட இதைச் சொன்னால் சீக்கிரம் எடுபடலாம்.

இன்னொன்று, அவன் எத்தனை மாத்திரை போடுகிறான் என்று கேளுங்கள். போனில் கேட்டால் மழுப்புவான், நேரில் வரும்போது கேளுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். மாத்திரையின் வேகம் இறங்கியதும் வலி, வலித்ததும் மாத்திரை என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலைக்கு வந்திருந்தால் ஏசித் தகட்டைத் திருப்பி மட்டும் பயனில்லை, டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: நான் 62 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை. குன்னூர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோவையில் மகனோடு இருக்கிறேன். நானும் பேரனும் படுக்கும் அறையில் ஸ்பிளிட் ஏசி. ராத்திரி முழுக்க ஓடும். காலையில் எழும்போதே தலை கனமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் குளிர்ச்சி வீண் என்கிறாள் மருமகள். வெளியே இருக்கும் பெட்டிதான் நல்ல காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறதாமே? இப்போது கொஞ்ச நாளாகத் தலை சீவும்போது காதுக்கு முன்னால் பொட்டுப் பக்கமும் வலிக்கிறது.
— வாசகி, கோவை

பதில்: டீச்சர், கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 50 வயதுக்கு மேல் புதிதாக ஒரு தலைவலி வந்து, சீப்பு பட்டாலே பொட்டில் வலித்தால் அதை ஏசி கணக்கில் எழுதக்கூடாது. பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் வீங்குகிற ஒரு நோய் இருக்கிறது. நம் நாட்டில் அரிதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் திடீரென்று பார்வையே போய்விடும், போனால் திரும்பாது. மென்று சாப்பிடும்போது தாடை வலிக்கிறதா, பார்வை ஒரு நிமிஷம் மங்கி மங்கித் தெளிகிறதா என்று கவனியுங்கள். எது எப்படி இருந்தாலும் நாளைக் காலையிலேயே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். பார்வை மங்கினால் காலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று பேரனைக் கேளுங்கள், பிள்ளைகள் உள்ளதைச் சொல்லும். மூச்சு அடைத்து அடைத்துத் தூங்குபவர்களுக்கும் விடிகாலைத் தலைவலி வரும்.

இதெல்லாம் இல்லை என்று தெரிந்தபிறகு அறையைப் பார்ப்போம். வெளியே இருக்கும் பெட்டி காற்றை உள்ளே அனுப்புவதில்லை. அறையின் சூட்டை வெளியே கொட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அறைக்குள் இருக்கிற அதே காற்றுதான் விடிய விடியச் சுற்றுகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் கரியமில வாயு இருக்கும். இரண்டு பேர் கதவு ஜன்னல் சாத்தித் தூங்கும் சின்ன அறையில் விடிவதற்குள் அது 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அது மட்டுமா, கொசுவர்த்தி, அலமாரியின் புதுப் பெயின்ட், நாப்தலீன் உருண்டை எல்லாம் அதே காற்றில்தான். குன்னூர் வீட்டில் ஓட்டுக் கூரை இடுக்கிலும் பழைய ஜன்னல் சந்திலும் காற்று தானாக வந்து போயிருக்கும். கோவை வீட்டில் அலுமினிய ஜன்னலில் ரப்பர் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதற்கு நாம்தான் வழி செய்துகொடுக்க வேண்டும்.

மருமகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். படுக்கும் முன் பத்து நிமிஷம் எல்லாவற்றையும் திறந்து வைப்போம், அப்புறம் சாத்தி ஏசியைப் போடுவோம், கூடத்துப் பக்கக் கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைப்போம். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் கோவைக்கு அதுவே போதும். ஏசியின் முன்மூடியைத் தூக்கினால் ஒரு வலை இருக்கும். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்குத் தூசி அப்பியிருந்தால் குழாயில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். ஏசி போட்டதும் ஊசல் வாடை வருகிறது, தும்மல் வருகிறது என்றால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

கேள்வி: டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கெஸ்ட்டுகளை ஏற்றி ஊட்டி வருவதற்குள் எனக்கே தலை வலித்துவிடுகிறது. அவர்கள் ஏசியை நிறுத்த விடுவதில்லை. ஜன்னலைத் திறந்து தனியாக வரும்போது வலிப்பதில்லை. மலை ஏறுவதாலா, ஏசியாலா?
— வாசகர், குன்னூர்

பதில்: தனியாக வரும்போது வலிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் உயரத்தால் வரும் தலைவலி பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் கணக்கு. தினமும் ஏறி இறங்கும் உங்களுக்கு அது வர வாய்ப்பு குறைவு. சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் நாளில் மட்டும் அழுத்தம் மாறும்போது நெற்றியும் கன்னமும் வலிக்கும். அன்று ஆவி பிடித்துவிட்டுக் கிளம்புங்கள், அடிக்கடி எச்சில் விழுங்குங்கள்.

காரணம் டேஷ்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் என்று நினைக்கிறேன். காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்டிருக்கும். அது எரிந்தால் உள்காற்றே சுற்றுகிறது என்று அர்த்தம். சீக்கிரம் குளிரும் என்று கீழே போட்டது ஊட்டிவரை அப்படியே கிடக்கும். ஐந்து பேர் உட்கார்ந்த மூடிய காரில் கரியமில வாயு அரை மணிக்குள் பல ஆயிரம் பங்குக்கு ஏறிவிடும். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், கொண்டை ஊசி வளைவில் கண் சொக்கினால் என்ன ஆவது? கல்லாறு தாண்டியதும் அந்தப் பட்டனை அணைத்துவிடுங்கள். ஏசி ஓடட்டும், வெளிக்காற்றை எடுத்துக் குளிரவைத்து அனுப்பும். கெஸ்ட்டுக்கு வித்தியாசமே தெரியாது. புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் சிறிது நேரம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் காற்றுத் துவாரத்தை நெற்றிக்கு நேராக வைக்காமல் தோளுக்குத் திருப்புங்கள். டேஷ்போர்டில் காட்டமான வாசனைத் திரவியப் புட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள், பலருக்குக் குமட்டல் அதனால்தான்.

கேள்வி: கோத்தகிரி அருகே சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். குளிர் தாங்காத கெஸ்ட்டுகள் ரூமில் ஏசி ஹீட்டர் இல்லையா என்று கேட்கிறார்கள். அதற்கு வசதியில்லாததால் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, புகை அடங்கி நன்றாகக் கனன்ற பிறகு ரூமுக்குள் வைத்துக் கொடுக்கிறோம். போன வாரம் ஒரு குடும்பத்தில் எல்லோருமே காலையில் தலைவலி, மயக்கம் என்றார்கள். வெளியே வந்து டீ குடித்ததும் சரியாகிவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும். என்ன கை வைத்தியம் செய்யலாம்?
— வாசகர்

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் அன்றே அந்தச் சட்டியை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி எந்த அறைக்குள்ளும் வைக்காதீர்கள். அந்தக் குடும்பம் உயிரோடு எழுந்தது அவர்களின் அதிர்ஷ்டம்.

கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல், அப்புறம் ஒரு தூக்கக் கலக்கம். தூங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரியாமலே உயிர் போய்விடும். புகை அடங்கிவிட்டது என்றால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அது உண்மை இல்லை. புகை இருந்தாலாவது இருமல் எழுப்பிவிடும். புகையில்லாத கங்கு யாரையும் எழுப்பாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படி அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்த செய்திகள் குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

வெளியே வந்ததும் சரியாகிவிட்டது என்பதை வைத்துத்தான் ஏமாந்துபோகிறோம். ஏசி அறைத் தலைவலியும் வெளியே வந்தால் விடும், இதுவும் விடும். வித்தியாசம் எங்கே என்றால், ஏசி காற்று யார்மேல் நேரே படுகிறதோ அவருக்குத்தான் வலிக்கும். கரி அறையில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வலிக்கும், அறையில் நாய்க்குட்டி இருந்தால் அதுவும் துவளும். கரி மூட்டிய ஓர் அறையில் இருவருக்கோ அதற்கு மேலோ தலைவலி என்றால் கை வைத்தியம் யோசிக்கவே கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், கரி மூட்டியிருந்தது என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கும் தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்காகத்தான். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதையும் வெளியே மாற்றுங்கள், அதிலிருந்தும் இதே வாயு வரும்.

கெஸ்ட்டுகளுக்குக் கனமான கம்பளி இன்னொன்று, படுக்கையில் வெந்நீர்ப் பை, படுக்கும்வரை எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர், இது போதும். ஹீட்டரோ ஏசியின் சூட்டுக் காற்றோ போட்டால் அறை வறளும். 8 டிகிரிக் காற்றைச் சூடாக்கி 24-க்குக் கொண்டுபோனால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். பக்கத்தில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கரிச்சட்டி வேண்டுமென்றே கேட்டால் முற்றத்தில் மூட்டி, சுற்றி நாற்காலி போட்டுக் கொடுங்கள். அங்கே அது அழகுதான். உள்ளே தூக்கிக்கொண்டு போக மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: ஏசி பஸ்ஸில் பெங்களூரு போய் வந்தால் தலைவலிக்கிறது. நீலகிரித் தைலம் தடவலாமா? கைக்குழந்தைக்கும் தடவலாமா?
— வாசகி, கூடலூர்

பதில்: உங்களுக்குத் தடவிக்கொள்ளலாம். கண்ணில் படாமல் பிடரியிலும் தோளிலும் ஒரு சொட்டு தேய்த்தால் இதமாக இருக்கும். வலியின் காரணம் அதனால் போகாது, தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டு உட்காருங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் காட்டமான வாசனையே வலியைக் கிளப்பலாம். பக்கத்து சீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பாவம், பஸ்ஸில் புட்டியைத் திறக்காதீர்கள்.

குழந்தைக்கு வேண்டாம். மூக்கருகே, நெஞ்சில், தலையணையில் எங்கேயும் வேண்டாம், மூச்சுத் திணறல் வரலாம். தைலப் புட்டியைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில மில்லி உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.